முன்னால் ஒரு கியர், பின்னால் மூன்று

நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் பௌதிக வாத்தியார். நெம்புகோல், உராய்வு, பற்சக்கரம் எல்லாவற்றையும் பதினைந்து வருஷமாகக் கரும்பலகையில் பிரமாதமாக ஓட்டியவன். அந்தத் தைரியத்தில்தான் 1967-ல் ராணுவ ஏலத்தில் கழித்துப்போட்ட ஒரு ஜீப்பின் அடிச்சட்டத்தை வாங்கிக் கொல்லையில் நிறுத்தினேன்.

காரணம் என் மனைவி ஹில்டா. மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ். புதன்கிழமைதோறும் பெருங்களத்தூர் ஏரிக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்துக்கு சைக்கிளில் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்த்து வருவாள். அங்கே பச்சையம்மா என்று ஒருத்தி. இரண்டு பிரசவம், இரண்டு பிள்ளையும் தங்கவில்லை. மூன்றாவதற்கு "நான் கூட இருப்பேன்" என்று ஹில்டா வாக்குக் கொடுத்துவிட்டாள். பச்சையம்மாவுக்கு நாள் ஐப்பசியில். ஐப்பசி மழையில் அந்த ஏரிப் பாதையில் மாட்டு வண்டியே புதைந்துபோகும்.

எனக்கு ஒத்தாசை மெக்கானிக் சம்பந்தம். வண்டியின் கூண்டை நான் கிராஃப் தாளில் வரைந்து வைத்திருந்தேன். ஜன்னலுக்குத் திரைச்சீலைகூட உண்டு.

"படம் சோக்கா கீது சார். ஆனா தகரம் அட்ச்சப்புறம் கோளாறு தெரிஞ்சா அத்தினியும் பிரிக்கணும். மொதல்ல மொட்டையா ஓட்டிப் பாத்துருவோம்" என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றை அடிச்சட்டத்தில் கயிற்றால் கட்டி, ஏறி உட்கார்ந்தேன். முதல் கியரைப் போட்டு கிளட்சை விட்டேன். வண்டி பின்னால் பாய்ந்து முருங்கை மரத்தில் முட்டி நின்றது. குழம்பிப்போய் ரிவர்ஸ் போட்டேன். சாதுவாக முன்னால் போயிற்று.

சம்பந்தம் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"சார், பின் அச்சைத் தலைகீழா மாட்டிகீறீங்க, சக்கரம் எதிர்ப்பக்கமா சுத்துது. நான் ஊர்ல இல்லாதப்போ நீங்களே செஞ்ச வேலைதானே இது?"

நான் முருங்கை மரத்தைப் பார்த்தேன்.

"பின்னாடி போவ மூணு கியர், முன்னாடி போவ ஒண்ணு. மெட்ராஸ்லயே இப்டி ஒரு வண்டி கெடையாது சார்!"

வெல்டிங்கை அறுத்துத் திருப்பி மாட்ட நான்கு நாளாகும் என்றார். அன்று ராத்திரியே மழை பிடித்துக்கொண்டது. விடிந்ததும் பச்சையம்மாவின் புருஷன் முழங்கால் வரை சேற்றோடு வாசலில் நின்றான். வலி கண்டுவிட்டதாம்.

ஹில்டா பையை எடுத்துக்கொண்டு போய் மொட்டை வண்டியில் சாமான் வைக்கப் போட்டிருந்த பின்பலகையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஹில்டா, இதுல ஒரே ஒரு கியர்தான்..."

"முன்னால போகுமா, போகாதா?"

"போகும். ரொம்ப மெதுவா."

"பன்னெண்டு வருஷமா உங்களோட மெதுவாத்தானே வந்துக்கிட்டிருக்கேன். எடுங்க."

எடுத்தேன். அந்த ரிவர்ஸ் கியர் உறுமிக்கொண்டு, எருமை மாதிரி ஒரே நிதானத்தில் சேற்றை மிதித்து ஏரிப் பாதையைக் கடந்தது. என் மடத்தனம் இவ்வளவு நன்றாக இழுக்கும் என்று எனக்கே தெரியாது.

குடிசைக்குள் போன ஹில்டா கால் மணியில் வெளியே வந்தாள். முகம் சரியில்லை.

"குழந்தை குறுக்கே கிடக்கு. இங்க முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போகணும், இப்பவே."

ஏரிக்கரையில் வண்டியைத் திருப்ப இடமில்லை. திருப்பினாலும் நடைவேகம்தான். பிறகுதான் உறைத்தது: எதற்குத் திருப்ப வேண்டும்? பின்னால் போகத்தான் மூன்று கியர் இருக்கிறதே.

பின்பலகையில் வைக்கோல் பரப்பிப் பச்சையம்மாவைப் படுக்க வைத்தோம். அவள் தலை, பக்கவாட்டில் உட்கார்ந்த ஹில்டாவின் மடியில். புருஷன் மேலே சாக்கைப் பிடித்துக்கொண்டான். கூண்டு இல்லாததால் கழுத்தைத் திருப்பினால் பாதை முழுக்கத் தெரிந்தது. முதல் கியர். இரண்டாவது.

"வலது பக்கம் பள்ளம்! பச்சை, மூச்சை நல்லா இழு... உங்களை இல்லீங்க, நீங்க இடது பக்கம் ஒடிங்க!"

ரயில்வே கேட்காரர் குடையோடு வெளியே வந்து எங்களைப் பார்த்து அசந்து நின்றார்.

"சார், நீங்க போறீங்களா, வர்றீங்களா?"

"தெரியலைங்க. கேட்டைத் திறங்க!"

பதினோரு மணிக்கு ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. வராந்தாவரைக்கும் கேட்கிற மாதிரி அழுதது. ஹில்டா வெளியே வந்து, என் தலையில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுத்துப் போட்டாள்.

ஒரு வாரம் என் கழுத்து நேராக நிற்கவில்லை. பையன்களுக்குப் பக்கவாட்டில் நின்று பாடம் நடத்தினேன். ஹில்டா தினமும் தைலம் தேய்த்தாள். வலிக்காக நான் வருத்தப்படவில்லை. கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் அவள் முகத்தை நான் விடாமல் நாலு மைல் பார்த்தது அன்றைக்குத்தான். பச்சையம்மாவிடம் குனியும்போது ஒரு முகம், என்னை அதட்ட நிமிரும்போது இன்னொன்று. இரண்டிலும் மழை வழிந்துகொண்டிருந்தது.

சம்பந்தம் அச்சைச் சரிசெய்துவிட்டு, என் கிராஃப் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு தகரம் வெட்ட உட்கார்ந்தார்.

"பின்பக்கம் முழுசா மூடிடலாமா சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறை ஜன்னலிலிருந்து பதில் வந்தது.

"அது திறந்தே இருக்கட்டும் சம்பந்தம். சாருக்குத் திரும்பிப் பார்க்கத் தோணும்."

கழுத்து இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. இருந்தாலும் திரும்பிப் பார்த்தேன்.