"அண்ணி, ஆவி!"

என் நாத்தனாரின் பயத்துக்கு நான் இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை. இத்தனைக்கும் அதைக் கிண்டலடிப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவள் நான்.

நாங்கள் வேலை பார்த்தது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரிப் போர்வைகளை நீராவி உருளையில் விட்டு இஸ்திரி போடுவோம். அந்த அறையில் நாங்கள் இருவர்தான், எந்நேரமும் ஒரே ஆவி. அவள் பிள்ளைகளுக்கு அவள் சம்பாத்தியத்தை விட்டால் வேறு கதியில்லை. அதனால் கெஞ்சிக் கூத்தாடி நான்தான் அவளைச் சேர்த்துவிட்டேன்.

வந்த வாரமே, கம்பியில் தொங்கிய வெள்ளைப் போர்வை லேசாக அசைந்ததைப் பார்த்து ஊரைக் கூட்டிவிட்டாள். சூப்பர்வைசர் கடுகடுவென்று வந்தார்.

"இங்க டீம் ஸ்பிரிட் வேணும்மா. இன்னொரு தடவை கத்தி வேலையை நிறுத்தினா, வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்."

அவர் போனதும் என் காதோரம் வந்தாள்.

"அண்ணி, ஸ்பிரிட்னாலும் ஆவிதானே? அது எதுக்கு இவருக்கு?"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் இவள் வாயாலேயே வேலை போய்விடுமோ என்று அவள் வாயைப் பொத்தவும் செய்தேன்.

மறுநாள், பாய்லரைக் கவனிக்கும் அண்ணன் வாசலில் நின்று ஏதோ கத்தினார். உருளை இரைச்சலில் காதில் விழுந்தது ஒரே சொல்தான்: "ஆவி!"

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாள் முழுக்க ஆவியில் வேகிறவளுக்கு அதெல்லாம் ஒரு சேதியா?

"அண்ணி, ஆவி!" என்று வீறிட்டபடி அவள் என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"விடுடி, உன் வேலை போயிடும்!"

அவள் விட்டால்தானே!

வராந்தாவில் சூப்பர்வைசர் எதிரே வந்தார். "சொன்னேன்ல? நாளையிலேர்ந்து நீ..."

உள்ளே குழாய் வெடித்தது. நான் நின்ற இடத்தில் கொதிக்கும் ஆவி கூரை வரை பீறிட்டது.

பாய்லர் அண்ணன் மூச்சிரைக்க ஓடிவந்தார். "ஆவி கசியுது, வெளியே வாங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேனே!"

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பைத்தியம் மட்டும் இன்னும் பேய் வருகிறதா என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார். "நாளையிலேர்ந்து நீ... நேரத்துக்கு வந்துடும்மா."

சாயங்காலம் அவள் குரல் கம்மிப்போயிருந்தது. அத்தனை கத்தல். வெந்நீரைக் கொதிக்கவைத்து முன்னால் இறக்கினேன்.

"வா, ஆவி பிடி."

"ஐயோ, அந்தப் பேரைச் சொல்லாதீங்க அண்ணி. தனியா முடியாது, நீங்களும் வாங்க."

வேறு நாளாக இருந்தால் கிண்டலடிக்காமல் விட்டிருக்க மாட்டேன். அன்றைக்கு ஒரே போர்வைக்குள் இருவரும் தலையை நுழைத்துக்கொண்டோம். சூடு பட்டதும் என் மணிக்கட்டில் அவளுடைய நகக்கீறல் எரிந்தது. எரியட்டும் என்று அந்தக் கையாலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.