சத்தம் மூடிய வகுப்பு

கொழும்பிலிருந்து வந்த நிபுணர் சிவகுருநாதனை நினைத்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது.

அது 2007. சண்டை மூளும் நாட்களில் கிண்ணியாத் துறையில் படகுப் பாதையை நிறுத்திவிடுவார்கள். இக்கரையிலுள்ள எங்கள் தொழில்நுட்பக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் அக்கரையில் நின்று பார்த்துவிட்டு வீடு திரும்புவார்கள். இறுதிப் பரீட்சை நெருங்கிவிட்டது. மின்னியலில் பாதிப் பாடம்கூட முடியவில்லை. அதனால்தான் இணையம் வழியாகப் படிப்பிக்கும் திட்டம் வந்தது. இங்கே ஒரு கணினி, கிண்ணியாவில் ஒரு மண்டபத்தில் பெரிய திரை. நல்ல திட்டம்தான். அதைத் தூக்கிக்கொண்டு வந்த ஆள்தான் சரியில்லை.

விரிவுரையாளர்களைப் பயிற்சிக்குக் கூப்பிட்டு, முதலில் செருப்பைக் கழற்றச் சொன்னார். கணினிக்குத் தூசி ஆகாதாம். பிறகு ஒரு நாள் முழுக்க ஆங்கிலத்தில் விளாசித் தள்ளினார். கடைசியில் மட்டும் தமிழில், "தெரியாமல் ஒண்டையும் தொட்டுப்போடாதேங்கோ, எல்லாம் அழிஞ்சு போகும்" என்றார். மின்னியல் விரிவுரையாளர் பாக்கியரத்தினம் சேர் ஓடுகிற மின்சாரத்துக்கே பயப்படாத மனிதர். அவருக்கு மவுஸைத் தொடக் கை நடுங்கியது. தானே பயங்காட்டிவிட்டு, பயப்படுகிறார்கள் என்று குறை சொல்வது என்ன நியாயம்?

கணினிப் போதனாசிரியை நான். என்னிடம் கேட்டிருந்தால் ஒரு மணித்தியாலத்தில் பழக்கியிருப்பேன். யார் கேட்டார்கள்?

வெள்ளோட்ட நாளில் திட்ட அதிகாரி புஷ்பவதி வந்திருந்தார். அன்று பாடம் நடக்காவிட்டால் கருவிகள் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். சேர் கதிரையில் அமர்ந்து திரையைப் பார்த்தார். கிண்ணியாவில் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். எங்கள் சின்னத் திரையில் முகங்கள் மங்கலாகத்தான் தெரிந்தன, சத்தமும் வரவில்லை.

எங்கள் கல்லூரியில் பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்ல, ஆசிரியர் பதில் வணக்கம் சொல்லி, உட்காரச் சொன்ன பிறகுதான் பாடம். சேர் வணக்கத்துக்குக் காத்திருந்தார். பிள்ளைகள், சேர் உட்காரச் சொல்லும்வரை காத்திருந்தார்கள்.

"தொடங்குங்கோ சேர்!" என்று சிவகுருநாதன் அதட்டினார். அதிகாரியின் பக்கம் திரும்பி, "நான் சொன்னனான்தானே மேடம். இவைக்குத் தொழில்நுட்பம் எண்டாலே பயம்" என்றார்.

சேர் எழுந்துவிட்டார். "ஒரு வணக்கம் சொல்ல விருப்பமில்லாத பிள்ளையளுக்கு நான் எதுக்கு? நான் போறன்."

நான் கைத்தொலைபேசியில் அக்கரை மாணவி றஹ்மாவைக் கூப்பிட்டேன்.

"டீச்சர், எத்தின தரம் வணக்கம் சொல்லிட்டம்! சேர் சொல்லாம நாங்க எப்பிடி இரிக்கிற?"

நான் பாய்ந்து போய்க் கணினியைப் பார்த்தேன். கிண்ணியாவிலிருந்து வரும் சத்தம் முழுவதும் மூடிக் கிடந்தது.

"ஆர் இதை மூடினது?"

"நான்தான். பிள்ளையள் சத்தம் போட்டால் பாடத்துக்கு இடைஞ்சல்" என்றார் சிவகுருநாதன், கொஞ்சமும் கூசாமல்.

படகு நின்றது போதாதென்று பிள்ளைகளின் வாயையும் இவர் அடைத்திருக்கிறார்! ஒரே ஒரு தட்டுத்தான் தட்டினேன். அறை நிறைய வந்து விழுந்தது: "வணக்கம் சேர்!"

வாசல்வரை போன சேர் திரும்பினார். முகம் மலர்ந்துவிட்டது.

"வணக்கம் பிள்ளையள். இருங்கோ, இருங்கோ. கால் உளைஞ்சிருக்கும்."

கமராவைக் கழற்றி அலுமாரியின் மேல், கரும்பலகையைப் பார்க்க வைத்தேன். "சேர், நீங்கள் ஒண்டையும் தொட வேண்டாம். வழமைபோல எழுதிப் படிப்பியுங்கோ. இந்தப் பொத்தான் சத்தத்துக்கு. அவ்வளவுதான்."

"விதிமுறைப்படி ஆசிரியர்ர முகம்தான் தெரிய வேணும்!" என்று சிவகுருநாதன் குதித்தார். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சேர் சோக்கை எடுத்து மின்சுற்றொன்றை வரைந்தார். பாதியில் ஒரு பையன், "சேர், விளங்கல்ல, திருப்பிச் சொல்லுங்க" என்று கத்தினான். இன்னும் நாலைந்து குரல்கள் சேர்ந்துகொண்டன.

"பாத்தீங்களா மேடம், இதுக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டு சிவகுருநாதன் சத்தத்தை மூடும் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார்.

நான் வாயைத் திறக்க முன்னமே சேர் கணினிக்கு முன்னால் வந்து நின்றார். இவ்வளவு நாளும் நடுங்கிய அந்தக் கை, சோக்குத் தூளோடு பொத்தானை மறைத்துக்கொண்டது.

"கையை எடும் ஐசே. அவங்கள் என்னட்டைக் கேள்வி கேக்கிறாங்கள்."