உப்பரசியா, விசுவலிங்கமா?

1

இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்ததல்ல. ஒரு கதைச் செயலியின் கமெண்ட் பகுதியில் கிடந்தது, எடுத்துக்கொண்டேன். முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து வருத்தப்பட வேண்டியிருக்காது.

என் பெயர் சௌந்தரம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். பகலில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. சாயங்காலம் குக்கரை ஏற்றிவிட்டு, விசில்களுக்கு நடுவே போனில் தொடர்கதை எழுதுவேன். போன வருஷம் ஒரே நேரத்தில் இரண்டு தொடர்கள் ஓடின. ஒன்று மாயக்கதை. அதில் வில்லி உப்பரசி. அவள் மூச்சு பட்டதெல்லாம் உப்பாகிவிடும். ஆறு, காடு, ஒரு படை முழுக்க, பால் குடித்துக்கொண்டிருக்கும் கன்று.

இன்னொன்று குடும்பக் கதை. அதில் வில்லன் விசுவலிங்கம், பாத்திரக்கடை முதலாளி. அவருக்கு எந்தச் சக்தியும் கிடையாது. குரலைக்கூட உயர்த்த மாட்டார். வீட்டில் யார் மீதாவது மனத்தாங்கல் வந்தால் அவர்களோடு பேசுவதை நிறுத்திவிடுவார். அவ்வளவுதான். அந்த வீடு மெல்ல மெல்லச் சிதைந்துபோகும்.

(விசுவலிங்கத்தை நான் உட்கார்ந்து செதுக்கியதாக நினைக்காதீர்கள். அந்த வாரம் எனக்குக் காய்ச்சல். வசனம் எழுத அலுப்பாக இருந்தது. பேசாத ஒரு ஆள் வசதியாக இருந்தார்.)

2

எழுதிப் பார்த்து அடித்த தொடக்கங்கள்:

"சிதம்பரம் பேருந்து நிலையத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது" — மழையே பெய்யவில்லை. நல்ல வெயில்.

"இரண்டு அண்டங்கள் மோதிக்கொண்ட அந்த நாளில், வானம்" — வானம் என்ன செய்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"இளமதி தன் கணவனோடு பேசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன." — இதுதான் சரியான தொடக்கம். ஆனால் இது எனக்கு ரொம்பத் தாமதமாகத் தெரிந்த விஷயம். எனக்குத் தெரிந்த வரிசையிலேயே உங்களுக்கும் தெரியட்டும்.

3

என் இரண்டு தொடர்களையும் படிக்கிறவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் 'தில்லை மதி' என்ற பெயரில் எழுதுவார். ஒருநாள் அவர் ஒரு கமெண்ட் போட்டார்: "உப்பரசியைவிட விசுவலிங்கம்தான் பெரிய வில்லன்."

அதற்குக் கீழே 'அனல்' என்று ஒருவர் வந்தார். அதுவரை நான் பார்க்காத பெயர்.

"உப்பரசி ஒரு மூச்சு விட்டா உங்காளு ஒரு பொட்டலம் உப்பு. கதை முடிஞ்சிது."

"உப்பாவறவனுக்கு ஒரு நிமிஷ வலி. விசுவலிங்கம் வீட்டுல இருக்கறவளுக்கு தினமும்."

"பவர்னா பவர்ங்க. அவ கடலையே வத்த வெக்கறவ. இந்த ஆளால ஒரு கொடத்துத் தண்ணிய வத்த வெக்க முடியுமா?"

"கொடம் எதுக்கு? எதிர்ல உக்காந்து சாப்புடறவளோட நாக்க வத்த வெப்பாரு."

இப்படி ஆரம்பித்தது நிற்கவே இல்லை. மற்றவர்களும் கூடிவிட்டார்கள். வேறு வேறு கதை உலகங்களிலிருந்து ஆளாளுக்கு ஒரு வில்லனைக் கூட்டிவந்தார்கள். கிரகங்களை மூட்டை கட்டித் தூக்கிப்போகிறவன், நிழலைத் தின்று வயதைக் குறைத்துக்கொள்கிறவள், செத்த ராஜாக்களை வேலைக்கு வைத்திருக்கும் மந்திரவாதி. கல்லூரியில் படிக்கும் செந்தமிழ்செல்வன் என்ற வாசகர் எல்லோருக்கும் மார்க் போட்டு ஒரு அட்டவணையே தயாரித்தார். அழிக்கும் ஆற்றல், தாங்கும் ஆற்றல், எட்டும் தூரம். விசுவலிங்கத்துக்கு எல்லாவற்றிலும் பூஜ்யம்.

அதற்கு தில்லை மதி ஒரு திருத்தம் போட்டார். "எட்டும் தூரம்: கடலூர்ல இருந்து சிதம்பரம் வரைக்கும்."

நான் சிரித்தேன். ஏதோ உள்ளூர்க் கிண்டல் என்று நினைத்து ஒரு இதயக்குறி கூடப் போட்டேன்.

பிறகு ஒரு வாரம் கழித்து அனல் எழுதினார்: "விசுவலிங்கம் வில்லனே இல்ல. அவனுக்குப் பேசத் தெரியல. அவ்ளோதான்."

"தெரியாதவன்தான் ஜாஸ்தி ஆபத்து" என்று உடனே தில்லை மதியிடமிருந்து பதில் வந்தது. "வேணும்னு செய்யறவன் என்னைக்காவது நிறுத்துவான்."

அந்த வரியை நான் அப்படியே எடுத்து அடுத்த அத்தியாயத்தில் விசுவலிங்கத்தின் மனைவிக்கு வசனமாக வைத்தேன். பாராட்டு வந்தது. (வாசகரின் வரிக்கு எழுத்தாளர் வாங்கும் பாராட்டைப் பற்றி இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். கதைக்குத் தேவையில்லை.)

4

கமெண்டுகள் பெருகியதும் செயலி நடத்துகிறவர்கள் போன் செய்தார்கள். "மேடம், ரெண்டு வில்லனையும் மோத விட்டு ஒரு ஸ்பெஷல் எபிசோட் குடுங்க. யாரு ஜெயிக்கிறாங்கன்னு நீங்களே சொல்லிடுங்க."

சரி என்றேன். அறிவிப்பும் போட்டார்கள். எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் புரிந்தது.

உப்பரசியின் மூச்சு அவளுடைய உலகத்தில்தான் செல்லும். அவளை விசுவலிங்கத்தின் பாத்திரக்கடைக்குக் கொண்டுவந்தால் அவள் வெறும் இருமல்காரி. சரி, விசுவலிங்கத்தை அவளுடைய உப்புப் பாலைக்கு அனுப்பலாம் என்றால், அங்கே அவருடைய மௌனத்தை யார் பொருட்படுத்துவார்கள்? அவர் பேச மாட்டாரா என்று காத்திருக்கிற ஒரு ஆள் இருந்தால்தான் அவருடைய ஆயுதம் வேலை செய்யும். உப்பரசி யாருக்காகவும் காத்திருக்கிறவள் இல்லை. ஆகவே இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஒன்றும் செய்துவிட முடியாமல்—

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். அப்போதுதான் தில்லை மதியிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, உங்ககூட ஒரு நிமிஷம் பேசணும்." போன் நம்பரும் இருந்தது.

5

"அக்கா, அந்த எபிசோட எழுதாதீங்க" என்றாள். நான் போன் செய்ய, எடுத்ததுமே அதுதான்.

"ஏம்மா?"

"யாராச்சும் ஒருத்தர் ஜெயிச்சிட்டா அப்புறம் அங்க பேசறதுக்கு ஒண்ணும் இருக்காது."

"வேற ஏதாவது பேசலாமே."

"அங்க மட்டும்தான்க்கா நாங்க பேசிக்கிறோம். அனலு என் வீட்டுக்காரரு."

அவள் பெயர் இளமதி. (மாற்றிய பெயர். இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.) ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, சிதம்பரத்தில் அம்மா வீட்டில் இருக்கிறாள். கணவன் அறிவழகன், கடலூர்ப் பக்கம் குடிகாட்டில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் ஆபரேட்டர். அவனை அவள் 'அனல்' என்று கிண்டலாகக் கூப்பிடுவாளாம். அந்தப் பெயரிலேயே அவன் வந்து அவளுடைய கமெண்டுக்குக் கீழே எழுதியிருக்கிறான்.

"ஆறாம் மாசத்துல கொழந்த தங்கலக்கா. ஆஸ்பத்திரியில இருந்து என்னைய வீட்டுல கொண்டாந்து விட்டுட்டு நேரா ஷிப்டுக்குப் போயிட்டாரு. மறுநாளும் டபுள் ஷிப்ட். அதுக்கு அடுத்த நாளும். வந்தா குளிப்பாரு, சாப்புடுவாரு, படுத்துக்குவாரு. ஒரு வார்த்த கிடையாது. அழுதிருந்தாகூட நான் புரிஞ்சிக்கிட்டிருப்பேன். அழக்கூட இல்ல. அப்புறம் நான் இங்க வந்துட்டேன். கூப்புடவும் இல்ல."

"இப்ப?"

"வியாழக்கெழம கோர்ட்டுல வரச்சொல்லியிருக்காங்க. ரெண்டு பேரும் சம்மதிச்சிதான் டைவர்ஸுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கோம்."

மூவருமாக உட்கார்ந்து பேசினால் அவர் வருவாரா என்று கேட்டேன். அவள் யோசித்தாள். "நீங்க கூப்புட்டா வருவாரு. வில்லனப் பத்தின்னு சொல்லுங்க" என்றாள்.

(ஒரு வரைவில் இங்கே இளமதியின் அம்மா சின்னம்மாளை வில்லியாக்கிப் பார்த்தேன். மகளைத் திருப்பி அனுப்பாமல் பிடித்துவைத்திருப்பவள் என்று. வாசகர்களுக்குப் பிடித்திருக்கும். உண்மையில் அந்த அம்மா செய்ததெல்லாம் மகள் வேலைக்குப் போகும்போது மதியச் சோறு கட்டிக்கொடுத்ததுதான். நீக்கிவிட்டேன். அறிவழகனையும் அப்படிச் செய்து பார்த்தேன். அதற்குள் அவனை நேரில் பார்த்துவிட்டதால் முடியவில்லை.)

6

சிதம்பரம் கீழ வீதியில் ஒரு ஓட்டல். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த நேரம். இளமதி முன்பே வந்து மூலை மேசையில் இருந்தாள். நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். அறிவழகன் ஷிப்ட் முடித்துக் கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்தான். நல்ல உயரம். வந்தவன் அவளுக்கு எதிரே உட்காரத் தயங்கி என் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் இருந்ததே அவளுக்கு எதிர்ப் பக்கம் என்பதால் அவனும் எதிரேதான் இருந்தான்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நான்தான் என்னென்னவோ பேசினேன். சாம்பாரைப் பற்றிக்கூடப் பேசினேன். கடைசியில் வேறு வழியில்லாமல், "எபிசோட் எழுதணும். நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க. யாருக்குப் பவர் அதிகம்?" என்றேன்.

அறிவழகன் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "விசுவலிங்கமே ஜெயிச்சதா எழுதிடுங்க மேடம். அவுங்க சொல்றதுதான் சரி. நான் ஒத்துக்குறேன்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு மனிதன் தன் தப்பை உணர்ந்துவிட்டான், கதை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். எழுத்தாளர்களுக்கு இந்த அவசரம் உண்டு.

இளமதி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் சிவந்துவிட்டது.

"யாரு உங்கள ஒத்துக்கச் சொன்னா?"

அவன் விழித்தான்.

"இவ்ளோ மாசம் மல்லுக்கட்டிட்டு இப்ப ஒத்துக்குறேன்னா என்ன அர்த்தம்? நான் சொல்றது சரின்னு சொல்லிட்டு வாய மூடிக்கலாம்னா? மறுபடியும் அதேதான? என்கூட சண்டையாச்சும் போடுங்க!"

பக்கத்து மேசையில் இலை எடுத்துக்கொண்டிருந்தவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அறிவழகன் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டான். பேசுவதற்காக ஒரு மனிதன் இவ்வளவு கஷ்டப்பட்டு நான் பார்த்ததில்லை.

"அப்டின்னா கேளு. அவன் வில்லன் இல்ல" என்றான். "அன்னிக்கும் அதத்தான் எழுதுனேன். இப்பவும் அதத்தான் சொல்றேன்."

"அப்புறம் ஏன் பேசல?"

"பேசிக்கிட்டுதான் இருந்தேன் மதி. உன் எதிர்ல வந்தா வரல. பாய்லருகிட்ட நின்னா அந்தச் சத்தத்துல பக்கத்துல இருக்கறவனுக்குக்கூட ஒண்ணும் கேக்காது. அங்க நின்னுதான் பேசுவேன். உன்கிட்ட. அப்புறம் கொழந்தகிட்ட. அதுக்குத்தான் டபுள் ஷிப்ட் கேட்டு வாங்குனேன்."

இளமதி அசையவில்லை.

"பேருகூட வெச்சிருந்தேன்" என்றான். "அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்புடுவேன்."

"என்ன பேரு?"

நான் எழுந்தேன். கை கழுவப் போகிறவள்போல உள்ளே போனேன். கழுவுவதற்கு ஒன்றும் இல்லை, நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. இருந்தாலும் குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன், சத்தத்துக்காக. திரும்பி வரும் வழியில் தூண் ஓரமாக நின்று பார்த்தபோது அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். அவள் மேசைமேல் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. சர்வர் வந்து, "மூணு காப்பியா மேடம்?" என்றார்.

"ரெண்டு போதும். அவுங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

7

இனி முடிவு. செயலிக்காரர்களுக்கு ஸ்பெஷல் எபிசோட் தர முடியாது என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டார்கள். இந்தக் கதைக்கும் நான் எழுதிப் பார்த்தவை இருக்கின்றன.

"வியாழக்கிழமை காலை நீதிமன்றத்தில் அவர்கள் பெயரைக் கூப்பிட்டபோது யாரும்" — ஆசையில் எழுதியது.

"இருவரும் வந்து, தலையைக் குனிந்தபடி, சம்மதம் என்று" — துக்கமாக முடித்தால் கதை கனமாகிவிடும் என்ற ஆசையில் எழுதியது. இதுவும் ஆசைதான்.

"அந்தக் குழந்தையின் பெயர்" — இதற்கு மேல் எழுதவில்லை. அது என் காதில் விழவில்லை. விழாமல் இருக்கத்தான் எழுந்துபோனேன்.

இதை எழுதலாமா என்று இருவருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பினேன். இருவரிடமிருந்தும் "சரி" என்று ஒற்றை வார்த்தை வந்தது. ஒரே நேரத்திலா என்று நான் பார்க்கவில்லை. வியாழக்கிழமை என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த ஓட்டல் சந்திப்புக்குப் பிறகு கமெண்ட் பகுதியில் தில்லை மதியும் எழுதவில்லை, அனலும் எழுதவில்லை. செந்தமிழ்செல்வன் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார். கிரகங்களை மூட்டை கட்டுகிறவனுக்குப் புதிதாக ஒரு சக்தியைக் கொடுத்து வம்புக்குக்கூட இழுத்தார். பதில் இல்லை.

பேச ஒன்றும் மிச்சம் இல்லாதவர்களும் இப்படித்தான் நிறுத்துவார்கள். பேச வேறு இடம் கிடைத்துவிட்டவர்களும் இப்படித்தான் நிறுத்துவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. நான் பல நாள் பார்த்துவிட்டேன். நீங்களும் ஒருமுறை பாருங்கள்.