காற்றில் ஒரு பங்கு

“துசாரா அக்கா, எங்கட காத்தை ஏன் நீங்கள் முழுக்கக் குடிக்கிறீங்கள்?” என்று நெடுந்தீவில் ஒரு சிறுமி காலையில் கேட்டாள். மாலைக்குள் பெரியவர்கள் அதையே வசவாக்கிவிட்டார்கள். கேள்வியில் பிழை இல்லை. காய்ச்சல் முற்றி, யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் வாரக்கணக்காகத் தொண்டைக்குள் குழாயோடு கிடந்து துசாரா உயிர் தப்பி வந்தபின், குழாய் உரசிய இடம் தழும்பாகி மூச்சுக்குழல் ஒடுங்கியது. ஒடுங்க ஒடுங்க, அவள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் கரைக்காற்று முழுவதும் அவள் வீட்டுப் பக்கம் திரும்பியது. மற்ற வீட்டு வளவுகளில் கருவாடு காயாமல் புழுத்தது. அவ்வளவு இழுத்தும் அவளுக்குள் போனது ஒரு சிரட்டை அளவு காற்றுத்தான்.

தொண்டைகளைக் காக்கும் புனிதரின் திருநாளில், ஆசீர்வதிப்பதற்காகக் கோயிலில் சுவாமியார் அவள் கழுத்தருகே குறுக்காகப் பிடித்த இரண்டு மெழுகுதிரிகளின் சுடர்களும் உள்ளே இழுபட்டு அணைந்தன. புனிதரே அவளை ஒதுக்கிவிட்டார் என்று சனம் பிழையாக விளங்கிக்கொண்டது. அதன்பிறகு அவளுக்கு யாரும் மீன் விற்கவில்லை. கிணற்றடியில் அவளைக் கண்டால் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒடுங்கிய துண்டை வெட்டியெடுத்து இரு முனைகளையும் பொருத்தித் தைக்க வைத்தியர்கள் நாள் குறித்திருந்தார்கள். பிந்தினால் வழி முற்றாக அடைபட்டுவிடும் என்றார்கள். அந்த நாளில்தான், இவள் ஏறினால் படகு கவிழும் என்று படகுக்காரன் மனுவேல் அவளை மறித்தான். படகில் இருந்தவர்களும் ஓம், ஏத்தாதே என்றார்கள்.

ஊரில் அவளை அதிகம் ஏசியவள் கருவாட்டுக்காரி செல்லாச்சி. படகுக்குள் இருந்து எழும்பி வந்து அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் இருத்தியவளும் அவள்தான்.

“இவளால என்ர கருவாடு முழுக்க நாசம். அதுக்காக மூச்சு முட்டிச் சாகவிடுறதோ? படகை எடும், மனுவேல்.”

பிறகு துசாராவிடம் சிடுசிடுத்தாள். “வெக்கப்படாமல் மூச்சை இழு, பிள்ளை. எங்கட காத்துத்தானே. உனக்கும் பங்கிருக்கு.”

மனுவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டு எஞ்சினை இழுத்தான்.

ஒடுங்கிய துண்டை வெட்டித் தைத்தபின், அந்த இடம் இழுபடாதிருக்க, தலையைக் குனியவைத்து நாடியை நெஞ்சோடு சேர்த்தும் வைத்தியர்கள் தையல் போட்டார்கள். நாடித் தையல் வெட்டப்பட்டபின் துசாரா ஊர் திரும்பினாள். காற்று தன் பழைய வழிக்குப் போனது. ஊர் மன்னிப்புக் கேட்கவில்லை. இழுத்த காற்றில் கொஞ்சம் அவளுக்குள்ளேயே தங்கிவிட்டதை அவளும் யாருக்கும் சொல்லவில்லை.

அடுத்த சித்திரையில், இலை அசையாத ஒரு பகல், சனம் கோயிலில் இருந்தபோது செல்லாச்சி காய்ச்சலில் தனியே கிடந்தாள். துசாரா அந்த வளவின் கல்வேலிக்குப் பின்னால் குந்தியிருந்து, கற்களின் இடுக்கால் மெல்ல ஊதினாள். யன்னல் சீலை உயர்ந்தது. செல்லாச்சியின் நெற்றி வியர்வை உலர்ந்தது. அவள் புரண்டு படுத்து நித்திரையானாள். வெயில் சாயும் வரை ஊதிவிட்டு, துசாரா சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.