கொப்புளிக்கும் முகமூடி

தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சுக் கரண்ட் வைக்கும்போது தலை அசையக் கூடாது என்று எனக்கு ஒரு முகமூடி செய்தார்கள். வெள்ளை வலை. என் மூக்கு, என் தாடை. நாலாம் நாளிலிருந்து அது எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடத் தொடங்கியது.

நான் போய்ச் சேரும்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். என் மனைவி உலகம்மாள் அதற்கு டம்ளர் நீட்டுவாள். ஒரு லிட்டர் ஆறிய வெந்நீர், ஒரு ஸ்பூன் உப்பு, ஒரு ஸ்பூன் ஆப்பசோடா. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் கொப்புளிக்க வேண்டும்.

"புண்ணு வந்து சாப்பாடு இறங்கலைன்னா கரண்டை நிறுத்தணும். நிறுத்தினா கட்டி மறுபடி வளரும்" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மொத்தம் முப்பத்துமூன்று நாள்.

முகமூடி சொன்னபடி கேட்டது. கொப்புளித்தது. மெத்தென்ற பிரஷ்ஷால் பல் தேய்த்தது. குழைந்த தயிர்சாதத்தை ஊறுகாய் கேட்காமல் தின்றது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊறுகாய் இல்லாமல் தயிர்சாதத்தை மனுஷன் தின்பானா? அடுப்படிக்குப் போய் மாவடு ஜாடியில் விரலை விட்டு நக்கினேன். ஒரே ஒரு தரம்தான். பிறகு தினமும் ஒரே ஒரு தரம்.

"ஏங்க, ஊறுகாயைத் தொட்டீங்களா?" என்றாள் உலகம்மாள்.

"இல்ல."

"உங்களைக் கேக்கலை."

அவள் முகமூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இல்லையென்று தலையாட்டியது.

இருபதாம் நாள் நாக்கு வெந்துபோயிருந்தது. எச்சில் விழுங்க முடியவில்லை. சத்தியமாகப் பயந்துபோனேன்.

"உலகு, எனக்கும் கொஞ்சம் அந்தத் தண்ணி குடு."

"ஒரு ஆளுக்குத்தான் கலக்கினேன்" என்றாள். அவள் கண் சிவந்திருந்தது.

மறுநாளிலிருந்து முகமூடியைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பஸ்ஸில் அதற்கு ஜன்னலோரம். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முப்பத்துமூன்றாம் நாள் டாக்டரம்மா அதன் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஒரு புண்ணுகூட இல்லையே! முழுசா முடிச்சிட்டீங்க. வீட்டுக்குப் போங்க, செண்பகராமன்."

அது என் பேர். சொல்வதற்கு வாயைத் திறந்தேன். எரிந்தது, சத்தம் வரவில்லை.

அட்டெண்டர் என்னைத் தூக்கி, சுவரில் முகமூடிகள் மாட்டும் கொக்கியில் மாட்டினார். அங்கே என் பேர் எழுதிய பிளாஸ்திரி ஏற்கெனவே ஒட்டியிருந்தது.

பக்கத்துக் கொக்கியில் ஒரு பெரியவர் தொங்கினார்.

"மாவடுவா?" என்றார் மெதுவாக.

தலையாட்டினேன்.

"எனக்குப் புகையில."

வாசல்வரை போன உலகம்மாள் திரும்பி வந்தாள். பையிலிருந்து உப்புத்தண்ணி பாட்டிலை எடுத்து என் காலடியில் வைத்தாள். கால் லிட்டர் மிச்சம் இருந்தது. "மறக்காமக் கொப்புளிங்க" என்றாள். பிறகு அதன் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. எனக்குக் கை எட்டவில்லை.