போர்வைக்கு அடியில் உப்பு மூட்டை

அன்று காலை ரொட்டி சுட்டு முடித்த பிறகும் நஸோகத் அண்ணி தந்தூர் அடுப்பை விட்டு நகரவில்லை. ஆறிக்கொண்டிருந்த அதன் வெளிச்சுவரில் வயிற்றை அழுத்தி, கண்ணை மூடி நின்றாள்.

"வந்துடுச்சா அண்ணி? அம்மாகிட்ட சொன்னா ஒத்தடத்துக்கு உப்பு வறுத்துத் தருவாங்க."

"வேணாம் சும்ரத். இன்னிக்கு உன் அத்தை வராங்க."

போன மாதம் துர்சுனாய் அத்தை வந்தபோது அண்ணியின் மடியில் உப்பு மூட்டையைப் பார்த்துவிட்டாள். "கல்யாணமாகி எட்டு மாசம் ஆச்சு. இந்தத் தடவையும் ஒண்ணும் இல்லையா?" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் நடுவில் கேட்டாள். அண்ணி மாட்டுக்கொட்டிலுக்குப் போய் அழுதாள். அடுத்த வாரமே அம்மா பழைய தொட்டிலை இறக்கித் துடைத்து வைத்தாள். அதிலிருந்து அண்ணிக்கு அம்மாவிடமும் பயம்.

மதியம் பனியை உதறிக்கொண்டு அத்தை வந்தாள். எல்லோரும் சந்தலியைச் சுற்றி உட்கார்ந்தோம். கீழே குழியில் கரி கனன்றது. மேலே தாழ்வான மேசை, அதன்மேல் எங்கள் இடுப்பு வரை மூடிய பெரிய பஞ்சுப் போர்வை. எதிரே அத்தை. இந்தப் பக்கம் நான், அம்மா, கதவோரம் தேநீர்க் கெண்டியோடு அண்ணி. கிண்ணத்தை நீட்டும்போதெல்லாம் அவள் உதட்டைக் கடித்தாள்.

"என்ன மருமகளே, முகம் வெளுத்திருக்கு? நல்ல சேதியா?" என்றாள் அத்தை.

அண்ணி கெண்டியின் மூடியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள். பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தும் எழுந்து நிற்கப் பயந்தே படிப்பை விட்டவள் நான். விருந்தாளி முன்னால் வாய் திறந்ததே இல்லை.

"அம்மா, எனக்கு வயிறு வலிக்குது," என்றேன் சத்தமாக. "உப்பு வறுத்துக் குடு."

அத்தை சிரித்துவிட்டாள். "அட, இதுக்கு வாய் இருக்கா! ஊமைன்னுல்ல நெனச்சேன்."

அம்மா என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு எழுந்து போய், கல்லுப்பை வாணலியில் வறுத்து, துணியில் முடிந்து கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். கூடவே சோம்பும் கற்கண்டும் போட்ட தேநீர்.

அத்தை உலர்ந்த ஆப்ரிகாட் பழங்களைப் பொறுக்கும் நேரம் பார்த்து, மூட்டையைப் போர்வைக்கு அடியில் தள்ளினேன். அம்மாவின் முழங்காலைத் தாண்டி அண்ணியிடம் சேர்க்க வேண்டும். பாதி வழியில் ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

அம்மாவின் கை. மூட்டையைப் பிடுங்கிக்கொண்டது. எனக்கு உயிரே போய்விட்டது.

மேலே அம்மா அத்தையிடம், "இந்த வருஷம் வால்நட் எல்லாம் சொத்தை அக்கா," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சற்று நேரத்தில் அண்ணியின் தோள்கள் தளர்ந்தன. அவள் வியப்போடு என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா வால்நட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

அத்தை முள்ளங்கித் தட்டை அண்ணி பக்கம் நகர்த்தினாள். "சாப்பிடு பொண்ணே."

"இப்படிக் குடுங்க. இந்த வீட்டுல முள்ளங்கிப் பைத்தியம் நான்தான்," என்று அம்மா தட்டைத் தன்னிடம் இழுத்துக்கொண்டாள். வலி நாளில் குளிர்ச்சியான முள்ளங்கி ஆகாது. அம்மாவுக்கு முள்ளங்கி பிடிக்கவே பிடிக்காது. முகத்தைச் சுளிக்காமல் நாலு துண்டைத் தின்றாள். எனக்கென்று கொண்டுவந்த தேநீர் எப்போது அண்ணியின் முன் போனது என்று நான்கூடப் பார்க்கவில்லை.

அத்தை போர்வைக்கு அடியில் அண்ணி பக்கம் காலை நீட்டினாள். "ஐயோ! என்னடி இது, சூடா மெத்து மெத்துன்னு?"

"பூனை," என்றாள் அம்மா. "குளிருக்கு உள்ள படுத்திருக்கு. பிறாண்டிடப் போகுது, காலை மடக்கிக்கோங்க."

அத்தை அவசரமாகக் காலை மடக்கினாள். அண்ணி தலைத்துணியின் நுனியை வாயில் அடைத்துக்கொண்டாள். அவள் சிரித்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

அத்தையை வாசல்வரை வழியனுப்பிவிட்டு வந்த அம்மா, முதலில் என் காதைத் திருகினாள்.

"உனக்குப் போன வாரம்தானேடி முடிஞ்சுது? பொய் சொன்னாலும் நாள் பார்த்துச் சொல்லக் கூடாதா?"

அண்ணி எழுந்து நின்றாள். "அம்மா... இந்த மாசமும்..."

"அதை யாரு கேட்டா? தொட்டில் அது பாட்டுக்கு இருக்கட்டும், அதுக்கென்ன சோறா போடறோம்? உக்காரு." அம்மா கையை நீட்டினாள். "உப்பு ஆறியிருக்கும், கொண்டா. வயித்துக்கு மட்டும் போதுமா, இடுப்புக்கும் ஒண்ணு கட்டட்டுமா?"

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டுக்கும்," என்றாள்.