ஸ்டார்ட்டர் கேட்டு வருவார்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு விளக்குக் கடையின் மாடிப்படியில் கிடைத்தது. டியூப்லைட்டுக்கு ஒரு ஸ்டார்ட்டர் வாங்கப் போயிருந்தேன். என் காலடிச் சத்தம் கேட்டு மேலே ஒரு பெண் பரபரவென்று தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு எழுந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் தொங்கிப்போனது. "என்ன சார் வேணும்?" என்றாள். வேறு யாரோ வரவேண்டிய படியில் நான் ஏறிவிட்டேன். வாங்க வந்ததையே மறந்து இறங்கி வந்தேன். அந்த யாரோ யாரென்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ஒளி என்பது மனிதனின் ஆதித் தனிமைக்கு எதிராக

சே. அடித்துவிட்டேன். (ஸ்டார்ட்டர் வாங்காமல் வந்தவன் மினுக்குகிற வெளிச்சத்தில் எழுதினால் இப்படித்தான் வரும்.)

மறுபடி. கூட்டமெல்லாம் கீழ்த்தளத்தில். அங்கே விரல் பருமன் டியூப்கள், தட்டியவுடன் எரிபவை, கூரையில் கோடு கிழித்ததுபோல் வரிசையாக மாட்டிக்கொள்ளலாம். அவையும் அழகுதான், அவளே ஒத்துக்கொள்வாள். மாடியில் பழைய சரக்கோடு ஈ ஓட்டுகிறவள் அவள். இரண்டு பக்கமும் வெள்ளைத் தகட்டை விரித்த பட்டறை விளக்கு அவளுக்குப் பிடிக்கும். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு மேலே மாட்டி, கயிற்றை இழுத்தால் எரியும் குட்டை விளக்கு அதைவிடப் பிடிக்கும். உயிர் என்றால் அந்த வளைய டியூப்தான். நடுவில் பூ வெட்டிய பால்கண்ணாடித் தட்டு; போட்டதும் எரியாது, கண்ணைச் சிமிட்டிக் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் எரியும்.

கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் போனில் "சாப்டியாம்மா?" என்று கேட்டுப் பதில் வருவதற்குள் வைத்துவிடுவாள். முதலாளி கூப்பிட்டால், "ஏம்மா, அந்தப் பழைய சரக்க எவன் தலையிலயாவது கட்டித் தொலையேன்" என்பதற்குத்தான்.

3

வருகிறவரை முதலில் ஆசிரியராக்கினேன். வாயைத் திறந்தால் பாடம் நடத்தினார், நீக்கிவிட்டேன். இரண்டாவது ஆள் படியேறி வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு பல்.

"இந்த வெளிச்சத்துல இது மஞ்சளா தெரியுதா மேடம்?"

"ஐயோ! என்ன சார் இது?"

"பயந்துடாதீங்க, நான் செஞ்சதுதான். பல்செட் கட்டறது என் தொழில். பக்கத்துப் பல்லோட நிறம் ஒத்துவரலன்னா பாவம், ஆளுங்க சிரிக்கவே மாட்டாங்க. அதுக்குத்தான் நல்ல வெளிச்சமா ஒண்ணு தேடறேன்."

ஒவ்வொரு விளக்காகப் போட்டுக் காட்டினாள். இரண்டு தலைகளும் ஒரு பல்லின் மேல் குனிந்தன. அன்றைக்கு எதுவும் வாங்கவில்லை. அடுத்த வாரம் வேறு பல்லோடு வந்தார். அதற்கடுத்த வாரமும். "என் ரூம் பூரா பல்லுதான் மேடம். எல்லாம் இளிக்குது, ஒண்ணும் பேசாது" என்றார். அவள் சிரித்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தாள்.

ஒருமுறை அவர் நிற்கும்போதே முதலாளி மேலே வந்து, யாரோ திருப்பிக் கொடுத்த டியூப்லைட் சோக்குக்காக அவளைக் கண்டபடி திட்டினார். பல்செட்காரர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். (இதை மறந்துவிடாதீர்கள்.)

4

ஒருநாள் அவர் கேட்டார்: "எனக்கே காட்டிட்டிருக்கீங்களே, உங்களுக்கு இதுல எது பிடிக்கும்?"

அந்தக் கடையில் யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. வளைய விளக்கைக் காட்டினாள்.

"அப்ப அதையே குடுத்துடுங்க."

அட்டைப்பெட்டியை எடுக்கும்வரை சந்தோஷமாகத்தான் இருந்தது. கயிறு கட்டும்போதுதான் சுருக்கென்றது. விளக்கு கிடைத்துவிட்டது, இனி எதற்கு வருவார்? புது ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு, இன்றோ நாளையோ என்றிருந்த பழையதை மாட்டினாள். சீக்கிரமே மினுக்க ஆரம்பிக்கும். ஸ்டார்ட்டர் கேட்டு வருவார்.

[இங்கே பேனாவை வைத்துவிட்டேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லையே! அந்த வரியை அழித்தேன். அடுத்த பிரதியிலும் அதையேதான் செய்தாள். சரி, செய்துவிட்டுப் போகட்டும்.]

5

மினுக்க ஆரம்பித்தது. அறை முழுக்கப் பற்கள் தோன்றித் தோன்றி மறைந்தன. ஸ்டார்ட்டர்தான் கோளாறு என்று அவருக்கு உடனே தெரிந்தது. அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சட்டையை மாட்டி, செருப்பும் போட்டுவிட்டார். வாசலில் நின்றார்.

"குறை சொல்லப் போனா அந்தம்மாவுக்குத்தான் திட்டு விழும்" என்று பற்களிடம் சொன்னார்.

தெருமுனைக் கடையில் புதியது வாங்கி மாட்டினார். விளக்கு நின்று எரிந்தது. பல் சரியான நிறத்தில் இருந்தது. மாடிக்குப் போக இனி அவருக்கு ஒரு காரணமும் இல்லை. பழைய ஸ்டார்ட்டரை மட்டும் தூக்கிப்போட மனசு வராமல் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.

6

முடிவு ஒன்று: அவர் வேண்டுமென்றே டியூபை உடைத்துவிட்டு

இல்லை. அவளுக்குப் பிடித்த விளக்கு அது, உடைக்க மாட்டார்.

முடிவு இரண்டு: அவளே பல் கட்டிக்கொள்ள அவரைத் தேடிப் போகிறாள். அழகான முடிவுதான். ஆனால் அவளுக்கு எல்லாப் பல்லையும் நானே கொடுத்துத் தொலைத்திருக்கிறேன். இப்போது ஒன்றைப் பிடுங்க மனம் வரவில்லை.

முடிவு மூன்று: படியில் காலடிச் சத்தம். பரபரவென்று தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு எழுகிறாள். வருவது நான்.

இதைத் தாண்டி எனக்கு ஓடவில்லை. என் முகத்தைப் பார்த்தால் அந்த முகம் மறுபடி தொங்கிப்போகும், அதை இன்னொரு தடவை பார்க்க என்னால் ஆகாது. அவள் ஏன் காத்திருக்கிறாள் என்றும், அவர் ஏன் வரவில்லை என்றும் அவர்கள் இருவருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுப் போகிறேன். அவருக்கு முழங்கால் வலி, மெதுவாக ஏற்றுங்கள்.

பல்செட்காரர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு முதல் படியில் காலை